ஊறுகாயைத் துறந்தவன்

எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதும் வீட்டில் சட்டம் போட்டேன். ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, சாம்பாரில் உப்பு பாதிதான். மனைவியும் பிள்ளைகளும் என் பொருட்டு அந்தச் சப்பென்ற சாம்பாரையே சாப்பிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "நாக்குல வைக்க முடியலையேப்பா, எப்படித்தான் சாப்பிடுறியோ" என்று பரிதாபப்பட்டாள். நானும் பெரிய தியாகிபோல் தலையாட்டிக்கொண்டேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹாட் டாக் கடை இருப்பதையும், மதியத்தில் நான் பெரும்பாலும் அங்கேதான் நிற்பேன் என்பதையும் அவளிடம் சொல்லவில்லை.

நான் இருப்பது சிகாகோவில். இந்த ஊர் ஹாட் டாக் தனி ரகம். கசகசா ஒட்டிய பன்னுக்குள் மாட்டிறைச்சி சாஸேஜ். அதன்மேல் மஞ்சள் கடுகு சாஸ், கண்ணைப் பறிக்கும் பச்சையில் இனிப்பு ரெலிஷ், பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளவாக்கில் அரிந்த வெள்ளரி ஊறுகாய், காடியில் ஊறிய குட்டி மிளகாய். எல்லாவற்றுக்கும் மேலே செலரி உப்பைத் தூவுவார்கள். கெட்சப் கேட்டால் சில கடைகளில் முறைப்பார்கள். "எல்லாம் போடவா?" என்று கடைக்காரர் கேட்பார். போடுங்கள் என்பேன். இவ்வளவு காய் இருக்கிறதே, பாதி சாலட்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

என் முதல் பொய் அதுதான். அந்தக் காய்களில் பச்சையாக இருப்பவை வெங்காயமும் தக்காளியும் மட்டுமே. மற்றவை உப்பிலும் காடியிலும் கிடந்தவை. சாஸேஜில் மட்டும் சுமார் 500 மில்லிகிராம் சோடியம், பன்னில் இன்னொரு 200. ஒரு துண்டு வெள்ளரி ஊறுகாயில் 300 வரை போகும், ஒரு மேசைக்கரண்டி ரெலிஷில் நூற்றுச் சொச்சம். கடுகு சாஸும் செலரி உப்பும் சேர்ந்தால் கூட்டுத்தொகை தாராளமாக ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதியை நின்றபடியே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, வீட்டில் ஆவக்காய் ஜாடியைப் பார்த்து முகம் சுளித்தவன் நான்.

தெரியாமல் செய்ததாகச் சொல்ல முடியாது. எல்லாம் தெரியும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் அறிவித்ததைப் படித்திருந்தேன். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு. பவுண்டுக்கு எட்டு நிற்கும் சாஸேஜில் ஒன்றே 57 கிராம். யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், "புகையிலையையும் இதையும் ஒரே வகையில் வைத்தது ஆதாரத்தின் உறுதியைக் காட்டத்தான், இரண்டிலும் ஆபத்து சமம் என்று அர்த்தமில்லை" என்று விளக்குவேன். சொன்னது சரிதான். சொன்ன நோக்கம்தான் சரியில்லை.

அதன்பின் 'நைட்ரைட் சேர்க்காதது' என்று அச்சிட்ட பாக்கெட்டுகளைத் தேடி வாங்கினேன். சாஸேஜில் நச்சுக் கிருமி வளராமல் தடுப்பதும், அந்த இளஞ்சிவப்பைக் கொடுப்பதும் நைட்ரைட். அதுவே நைட்ரோசமைன் என்ற கெட்ட பொருள் உருவாகவும் வழி செய்கிறது. நான் வாங்கிய பாக்கெட்டிலோ அதன் இடத்தில் செலரிப் பொடி இருந்தது. செலரியில் இயல்பாக உள்ள நைட்ரேட்டிலிருந்து கிடைப்பதும் அதே நைட்ரைட்தான். பிறகு வான்கோழி சாஸேஜுக்கு மாறினேன். கொழுப்பு குறைந்தது, உப்பு குறையவில்லை. பதப்படுத்திய இறைச்சி என்ற பெயரும் போகவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. ரத்த அழுத்தம் இறங்காததைப் பார்த்து மருத்துவர், "உப்பைக் குறைத்தீர்களா?" என்று கேட்டார். "வீட்டில் ஊறுகாயே வாங்குவதில்லை" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை நம்பி அவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். உணவில் குறைக்க வேண்டியதை மருந்தில் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மனைவியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. "அப்போ நாங்க எதுக்குங்க உப்பில்லாம சாப்பிட்டோம்?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவே சாம்பாரில் பழைய உப்பு திரும்பியது. எனக்குத் தனிக் கிண்ணம்.

ஹாட் டாக்கை அடியோடு விட்டுவிட்டேன் என்றால் அதுவும் பொய்யாகும். எப்போதாவது ஒன்று. கடுகு சாஸ், வெங்காயம், தக்காளி மட்டும் கேட்கிறேன். ரெலிஷும் ஊறுகாயும் செலரி உப்பும் வேண்டாம் என்றாலே சில நூறு மில்லிகிராம் மிச்சம். அதனால் சாஸேஜ் நல்ல உணவாகிவிடாது.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவர் உப்பைப் பற்றிக் கேட்டால் வீட்டுச் சமையலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வெளியில் நின்று சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் மருந்து எழுதுவது நீங்கள் சொல்வதை வைத்துத்தான்.