மடுல்கெல்ல மலையும் ரதியின் கண்ணீரும்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில ஊடாக ஏறிச் செல்லும் பஸ் மடுல்கெல்லயை நெருங்கும்போது காற்று குளிரத் தொடங்குகிறது. எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர். அதன் வனப்பகுதி 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. சரிவெங்கும் தேயிலை, இடையிடையே லயன் வரிசைகள். முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியினர் இம்மலைகளில் வாழ்கிறார்கள்.

மலையகத் தமிழர் தம்மோடு கொண்டுவந்த செல்வங்களுள் ஒன்று காமன் கூத்து. மாசி மாதத்தில் மூன்றாம் பிறையையொட்டிக் கம்பம் ஊன்றிக் கூத்தைத் தொடங்குவார்கள். மன்மதன் சிவனின் தவத்தைக் கலைத்து, நெற்றிக்கண்ணால் எரிந்து போகிறான். அவன் மனைவி ரதி அழுது மன்றாடுகிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர் பெறுகிறான்.

இக்கூத்துக்கு டிக்கட் இல்லை. பாயும் கம்பளியும் எடுத்துக்கொண்டு பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை குடும்பமாகக் 'காமன் பொட்டல்' எனும் திடலுக்குப் போய்விடலாம். மடியில் தூங்கிய பிள்ளை தப்புச் சத்தத்தில் விழித்துக் கொள்ளும். பகலில் கவ்வாத்து வெட்டியவர் இரவில் யமனாக வந்து நிற்பார். ரதி வேடமும் வழக்கமாக ஆண்களுடையதே.

ரதி அழும்போது பெண்களும் சேர்ந்து அழுவார்கள். ஏன் அழுகிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. 2009இல் முடிந்த யுத்தத்தில் அவர்களும் உறவுகளை இழந்தார்கள். கணவனை இழந்தவளை மங்கள காரியங்களில் ஒதுக்கி வைக்கும் எமது சமூகத்தில், கணவனை இழந்த ஒரு பெண்ணின் துயரம் இங்கே ஊர் நடுவே நின்று பேசுகிறது. எல்லோரும் கேட்கிறார்கள்.

சகோதரிகளே, மாசி மாதத்தில் மலையகம் வரும் வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஒதுங்கி நிற்காமல் முன்வரிசையில் பாய் விரித்து உட்காருங்கள். வர முடியாவிட்டால் உங்கள் ஊர்க் கோயில் முற்றத்தில் நடக்கும் கூத்துக்குப் போங்கள். "அம்மா, ஏன் அந்த அக்கா அழுகிறா?" என்று பிள்ளை கேட்டால், பதில் சொல்லுங்கள். இதுவரை சொல்ல முடியாதிருந்த அப்பாவின் கதையைப் பிள்ளையிடம் சொல்ல அதுவே வழியாகலாம்.