சற்றே பிந்திய ஒலி

அம்மா விட்டுச்சென்ற வெள்ளி மெட்டியைக் கோவளம் கடற்கரையில் தொலைத்துவிட்டுத் தங்கை அழுதாள். கேளம்பாக்கத்திலிருந்து நண்பர் மெட்டல் டிடெக்டருடன் வந்தார். உப்புநீரில் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்துமாதலால் கருவி வீணே கூவியது, உணர்திறனைக் குறைத்தார். பிறகு தெளிவாக ஒலித்தது. ஒலித்த இடத்தில் தோண்டினோம், வெறும் மணல்.

குற்றம் அவர் காதிலிருந்த ப்ளூடூத் ஹெட்போனுடையது. ஒலி அதில் ஏறக்குறைய 0.2 நொடி பிந்தி வந்தது. நொடிக்கு 1 மீட்டர் வீசும் கை அதற்குள் 20 செ.மீ. கடந்துவிடும். வலமும் இடமுமாக ஒரே வேகத்தில் வீசி, இரண்டு ஒலிகளுக்கும் நடுவே தோண்டலாம். அல்லது கம்பியுள்ள ஹெட்போனை மாட்டலாம். மாட்டினார். மெட்டி கிடைத்தது.

தங்கை அதை அணிந்துகொண்டாள். நான் குழிகளை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா அழைத்தபோதெல்லாம் ‘இதோ வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு நான் பிந்திச் சென்றவை நினைவுக்கு வந்தன.