14 கிலோமீட்டர்... செருப்பும் இல்லை, செல்போனும் இல்லை! டீன் ஏஜ் பிள்ளைகளோடு ஒரு கிரிவலம்

பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கடிகாரம் வேறு மாதிரி ஓடும். விடிவதற்குள் ஒரு டியூஷன், இருட்டியதும் இன்னொன்று. ஒருவர் சாப்பிடும்போது ஒருவர் குளிப்பார், ஒருவர் தூங்கும்போது ஒருவர் படிப்பார். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியது எப்போது என்று கேட்டால், ‘கரன்ட் போன அன்னைக்கு’ என்று பதில் வரும்.

இப்படிப்பட்ட குடும்பங்களைச் சனி, ஞாயிறுகளில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பார்க்கலாம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நாலைந்து மணி நேரம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளைகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள முடியாத நாலைந்து மணி நேரம் கிடைப்பதே பெரிய பிரசாதம்தானே!

பஞ்சபூதத் தலங்களில் அண்ணாமலை அக்னித் தலம். இங்கே மலையே சிவன் என்பது நம்பிக்கை. அதனால்தான் 11 நிலை ராஜகோபுரம் கொண்ட பெரிய கோயில் இருந்தும், மலையைச் சுற்றுவதை மக்கள் தனி வழிபாடாக வைத்திருக்கிறார்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர லிங்கங்களைக் கடந்து ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கும். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்கள் நடக்கும் இடம் என்று சொல்லி, மக்கள் சாலையின் இடது ஓரமாகவே நடப்பார்கள்.

‘வேண்டிக்கிட்டது நீ... நடக்கிறது நானா?’

ஜூன் மாதத்து ஞாயிறு, அதிகாலை நாலு மணி. சென்னைப் புறநகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பியது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகன், பத்தாவது போகும் மகள். பையன் நல்லபடியாகப் பாஸானால் குடும்பத்தோடு கிரிவலம் வருவதாக அம்மாவின் வேண்டுதல்.

“வேண்டிக்கிட்டது நீ. நடக்கிறது நானா? இது என்னம்மா நியாயம்?” என்றான் மகன்.

“பரீட்சை எழுதினது நீ, தூங்காம இருந்தது நான். அது மட்டும் நியாயமா?” என்றார் அம்மா.

எல்லாருடைய செல்போனும் அம்மாவின் ஜோல்னாப் பைக்குள் போனது. அதிகம் வருத்தப்பட்டவள் மகள். ஸ்ட்ரீக் போய்விடுமாம். அது என்னவென்று அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

இந்த வீட்டில் ஒரு சிக்கலும் கூடவே வந்திருந்தது. மகனுக்கு விஸ்காம் படிக்க ஆசை, அதுவும் வெளியூரில். அப்பாவோ இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குப் பணம் கட்டி வைத்திருக்கிறார். 20 நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். “உன் பிள்ளைகிட்ட ஓரமா நடக்கச் சொல்லு” என்பார் அப்பா. “ஓரமாத்தான் நடக்கிறேன்னு சொல்லும்மா” என்பான் மகன். இருவருக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி.

மூன்று ரூபாய் எடுத்த பையன்

அக்னி லிங்கத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் நடந்தால் ரமணாசிரமம். டீன் ஏஜ் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும். ஆசிரமத்துக்குப் பின்னால் இருப்பதும் வீட்டைவிட்டுப் போன ஒரு 16 வயதுப் பையனின் கதைதான்.

1896. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனுக்குப் பாடத்தில் மனம் போகவில்லை. ஆங்கில இலக்கணத்தைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டிய தண்டனை வேறு. பாதியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தவரை அண்ணன் கடிந்துகொண்டார். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையன் கிளம்பினார். அப்படியானால் என் காலேஜ் ஃபீஸையும் கட்டிவிடு என்று அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொல்ல, ரயிலுக்கு வேண்டும் என்று மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயோடு, ஃபீஸ் கட்டவில்லை, என்னைத் தேட வேண்டாம் என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தார். செப்டம்பர் 1-ம் தேதி அண்ணாமலையார் கோயிலுக்கு வந்து சேர்ந்தவர், அதன்பிறகு இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. ரமண மகரிஷியாக 1950-ல் இங்கேயே சமாதியடைந்தார்.

அம்மா கதையைச் சொல்லி முடித்ததும் மகனுக்கு ஒரே சிரிப்பு. “ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு எஸ்கேப் ஆகுறது அப்பவே இருந்திருக்கா?”

“மிச்சம் ரெண்டு ரூபாயை வச்சிட்டுப் போனாரு பாரு, அதையும் கவனி” என்றார் அப்பா. மகனைப் பார்த்துச் சொல்லவில்லை, மலையைப் பார்த்துச் சொன்னார்.

அழகம்மாள் கதையைத்தான் அம்மாக்கள் கேட்க வேண்டும். ரமணரின் தாய் அவர். மகன் இருக்கும் இடம் தெரிந்து 1898-ல் மூத்த மகனோடு தேடி வந்தார். அழுக்கேறிய உடம்பும் சடைமுடியுமாக மகனைப் பார்த்து, வீட்டுக்கு வா என்று நாள் கணக்கில் கெஞ்சினார். மௌனமாக இருந்த மகன், அவரவர் வினைப்படியே எல்லாம் நடக்கும் என்ற பொருளில் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். தாய் வெறுங்கையோடு திரும்பினார்.

கதை அங்கே முடியவில்லை. 1916-ல் அழகம்மாள் மலைக்கே வந்து மகனோடு தங்கினார். உடன் இருந்தவர்களுக்கு அவர்தான் சமைத்தார். 1922 மே 19-ம் தேதி அவர் உயிர் பிரியும்வரை, மகன் தாயின் நெஞ்சிலும் தலையிலும் கைவைத்தபடி அருகிலேயே உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அந்தத் தாய்க்குச் சமாதி எழுந்தது. அதைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமமே வளர்ந்தது. மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி இருப்பது அந்தச் சமாதியின்மேல்தான்.

அந்தச் சந்நிதி முன்னால் அம்மா கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சுக்குக் காபிச் சமாதானம்

எம லிங்கத்தைத் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. மலை ஒரு இடத்தில் ஒற்றைச் சிகரமாகவும், இன்னொரு இடத்தில் பல முகங்களாகவும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தூரம் தெரியாது. வழி நெடுக வேகவைத்த கடலை, மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரி, கம்பங்கூழ், மூலிகை சூப். மகள் ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு தீனி என்று கணக்கு வைத்திருந்தாள்.

நிருதி லிங்கத்துக்குப் பிறகு அப்பா நொண்ட ஆரம்பித்தார். செருப்பில்லாமல் நடந்து பழக்கமில்லாத கால், போதாததற்குச் சர்க்கரை வேறு. அவர் ஒன்றும் சொல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த மகன் திரும்பிப் பார்த்தான். அம்மாவைத் தேடினான். அவர் வேண்டுமென்றே தங்கையோடு வெள்ளரிக்காய்க் கடையில் நின்றிருந்தார்.

வேறு வழியில்லை. “சுக்குக் காபி... கருப்பட்டி போடாம சொல்லட்டுமாப்பா?” என்றான்.

“ம்... ஒரு வாய் போதும்” என்றார் அப்பா. 20 நாள் மௌனம் இவ்வளவு எளிதாக முடிந்தது.

அதன்பிறகு அடி அண்ணாமலை வரை இருவரும் பின்தங்கியே வந்தார்கள். பேசினார்கள், இடையில் குரல் உயர்ந்தது, மறுபடி தணிந்தது. எதுவும் முடிவாகவில்லை. ஆனால், நடுவில் தூது போக அம்மா தேவைப்படவில்லை.

மாட்டிக்கொண்ட அப்பா

குபேர லிங்கத்தை அடுத்து இடுக்குப் பிள்ளையார். சின்ன மண்டபம், குறுகலான துவாரம். பக்கவாட்டில் படுத்து நெளிந்துதான் வெளியே வர வேண்டும். இடைக்காட்டுச் சித்தர் அமைத்தது என்பார்கள். தலைவலி, நரம்புக் கோளாறு தீரும் என்பது நம்பிக்கை. அதோடு, வீட்டில் யார் தொப்பையைக் குறைக்க வேண்டும் என்பதையும் பிள்ளையார் சொல்லிவிடுவார்.

மகள் நொடியில் வெளியே வந்தாள். அப்பா பாதியில் நின்றுவிட்டார். “மூச்சை வெளிய விடுங்கப்பா... தோளைத் திருப்புங்க” என்று மகன் கையைப் பிடித்து இழுக்க, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் “அரோகரா” போட, அப்பா சட்டையெல்லாம் தூசியோடு வெளியே வந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். பார்த்த நாலு பேருக்கும் அடக்க முடியவில்லை. “இதைப் போய் வீடியோ எடுக்க முடியலையே!” என்று மகளுக்குத்தான் ஆறாத வருத்தம்.

ஈசான்ய லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுக் கோபுரம் தெரியும் இடத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. “காலேஜ் பேரெல்லாம் எழுதிக் கொடு. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார் அப்பா. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மகனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

“சாமிகிட்ட என்னம்மா வேண்டிக்கிட்டே?” என்றாள் மகள்.

“இன்னைக்கு ஒண்ணும் கேக்கலடி. நன்றின்னு மட்டும் சொன்னேன்” என்றார் அம்மா, பையிலிருந்து செல்போன்களை எடுத்துக் கொடுத்தபடி.

பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனத்துக்கு...

* பௌர்ணமியில் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும். பேசிக்கொண்டே நடக்க வேண்டுமென்றால் சாதாரண நாளே நல்லது.

* கோடையில் அதிகாலை நாலு மணிக்காவது கிளம்புங்கள். வெயில் ஏறினால் வெறுங்காலில் தார்ச்சாலை பொறுக்காது.

* சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

* தண்ணீர் பாட்டில், சின்ன டவல், சில்லறை அவசியம். அவசரத்துக்கு ஒரு செல்போன் மட்டும் ஆனில் இருக்கட்டும்.

* மார்க், கட் ஆஃப் பேச்சை நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். அவர்களே ஆரம்பிப்பார்கள், எப்படியும் நாலாவது லிங்கத்துக்குள்!

* அடுத்தமுறை வேண்டிக்கொள்ளும்போது, நடக்கப்போகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.