450 என்றால் 450 தானா?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

உடலை ஆள்வது மூளை என்கிறோம். ஆனால் அந்த மூளைக்கு இரத்தத்தை அனுப்பும் இதயம் ஒரு நிமிடம் ஓய்ந்தால் மூளையின் கதி என்ன? கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அதன் மூளையைப் பற்றியே பேசுகின்றனர். எத்தனை வேகம், எவ்வளவு நினைவகம், எந்தத் தலைமுறை என்று கடைவீதியில் விரல்விட்டு எண்ணுகின்றனர். கேபினெட்டின் மூலையில் ஒரு விசிறியோடு அடக்கமாக அமர்ந்திருக்கும் தகரப் பெட்டியை, 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று நாம் அழைக்கும் மின்வழங்கியை, யார் கேட்கிறார்கள்? 'அது கேபினெட்டோடு சேர்ந்தே வரும்' என்று கடைக்காரர் சொன்னால் போதும். இலவசமாகக் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி!

மாலை வேளைகளில் கணிப்பொறி பழுதுபார்க்கும் கடையொன்றில் இரண்டாண்டுகளாக வேலை செய்து வருகிறேன். கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் செலவும் அங்கிருந்துதான் வருகின்றன. அங்கே நான் கற்ற முதல் பாடம் இது: தலைவலி என்று வருபவருக்கு நோய் வயிற்றில் இருப்பதுபோல, 'மதர்போர்டு போய்விட்டது', 'தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது' என்று வரும் கணிப்பொறிகள் பலவற்றில் நோயின் வேர் இந்தத் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது.

அப்படி என்ன வேலை செய்கிறது அது? நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணிப்பொறிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்சாரம். மின்வழங்கி முதலில் 230 வோல்ட்டை ஏறத்தாழ 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய மின்மாற்றி வழியே அனுப்பி, மீண்டும் நேராக்கி, வடிகட்டித் தருகிறது. இவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் மின்மாற்றி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் இம்முறையில்தான் விசிறியே தேவைப்படாத மின்வழங்கியை அமைத்தார். 1981-இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் மின்வழங்கி 63.5 வாட் தந்தது. அது அன்று போதுமானதாக இருந்தது. இன்றோ 450, 650, 850 என்று பெட்டியின்மேல் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அந்த எண்களை நம்பலாமா என்பதே என் கேள்வி.

உண்மையில் இது என் கேள்வியன்று. பூ வியாபாரம் செய்யும் ஒரு பெரியவரின் கேள்வி. சீட்டுப் பணம் எடுத்து, கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் கணிப்பொறி வாங்கிக் கொடுத்திருந்தார். எட்டாம் மாதம் மின்வழங்கி வெடித்தது. மதர்போர்டும் வன்தட்டும் உடன் போயின. வன்தட்டில் அந்தப் பெண் ஆறு மாதமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆய்வேடும் போயிற்று. பழுது கேட்டு எங்கள் கடைக்கு வந்தவர், கருகிய பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "தம்பி, மேலே 450-ன்னு எழுதித்தானே இருக்கு? எழுத்துல போட்டிருக்கறதையே நம்பக்கூடாதுன்னா, என்னை மாதிரி ஆளு எதைப் பார்த்து வாங்கறது?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மின்னோட்டமும் மின்னழுத்தமும் மூன்றாண்டுகள் படித்து என்ன பயன், இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல இயலாவிட்டால்?

கடைவீதியில் மின்வழங்கியை மதிப்பிடும் முறைகள் சில உண்டு. முதலாவது, கையில் தூக்கிப் பார்ப்பது. கனமாக இருந்தால் நல்லதாம்! இதில் ஓரளவு உண்மை உண்டு. பெரிய மின்தேக்கிகளும் வெப்பம் கடத்தும் தகடுகளும் கனக்கத்தான் செய்யும். ஆனால் பழைய வகைப் பெட்டிகளில் உள்ள இரும்புச் சுருள் ஒன்றே எடையைக் கூட்டிவிடும். திறன் மிக்க புதிய வகைகளோ எடை குறைந்தும் இருக்கும். எடை போடுவது வேறு, எடைபோட்டு அறிவது வேறு.

இரண்டாவது, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு கொண்டை ஊசியால் இணைத்து, விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பது. சுற்றினால், 'நன்றாக இருக்கிறது' என்று தீர்ப்பு. சும்மா நிற்கும் மாட்டைப் பார்த்து, 'இது வண்டி இழுக்கும்' என்று சொல்வது போன்றதுதான் இது. பாரம் ஏற்றினால் அல்லவா மாட்டின் வலிமை தெரியும்?

மூன்றாவது, '80 பிளஸ்' முத்திரையைப் பார்ப்பது. 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம் இது. ஐந்தில் ஒரு பங்கு, பாதி, முழுப் பாரம் என மூன்று நிலைகளிலும் 80 விழுக்காடு திறன் இருந்தால் அடிப்படை முத்திரை. அதற்கு மேல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உயரும். இதனால் பயன் உண்டு. 300 வாட் பாரத்துக்கு 80 விழுக்காட்டுப் பெட்டி சுவரிலிருந்து 375 வாட் இழுத்து 75 வாட்டை வெப்பமாக வீணாக்கும். 90 விழுக்காட்டுப் பெட்டி வீணாக்குவது 33 வாட்டே. ஆனால் அம்முத்திரை அளப்பது திறனை மட்டுமே. அதுவும் 23 பாகை செல்சியஸ் சூழலில்! நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில், மின்விசிறிகூட இல்லாத அறையில், மேசைக்கடியில் கிடக்கும் பெட்டியின் நிலை அதற்குத் தெரியாது. மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடினால் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

அப்படியானால் எப்படித்தான் அறிவது? விதிமுறை ஏற்கெனவே உண்டு. இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த 'ஏ.டி.எக்ஸ்.' அளவுகோலின்படி 12 வோல்ட் என்பது 11.40-க்குக் கீழே இறங்கவும் கூடாது, 12.60-க்கு மேல் ஏறவும் கூடாது. அதன்மேல் படியும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. மின்னழுத்தங்கள் எல்லாம் நிலைபெற்ற பின்பே 'ஆயத்தம்' என்ற சைகையை மதர்போர்டுக்கு அனுப்ப வேண்டும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கு மட்டும் யானை வந்து நின்ற பின்புதான் மணி ஒலிக்க வேண்டும். முன்பே ஒலித்தால் அது போலி.

எங்கள் பேராசிரியர் ஒருவரின் துணையோடு நம் ஆய்வகத்திலேயே ஒரு சோதனை செய்தோம். மோட்டார் சைக்கிள், கார் ஆகியவற்றின் 12 வோல்ட், 60 வாட் முகப்பு விளக்குகள் ஏழை ஒரு பலகையில் பொருத்தினோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும். அதுவே எங்கள் பாரவண்டி. ஒரு பல்பை எரியவிட்டு, மல்டிமீட்டரையும் அலைநோக்கியையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, அடுத்ததை எரியவிட வேண்டும்.

முதலில் கேபினெட்டோடு வரும் வகைப் பெட்டி. மேலே பெரிய எழுத்தில் 450. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 192 வாட்! இன்றைய கணிப்பொறியின் மூளையும் வரைகலை அட்டையும் உண்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். மூன்று பல்பு எரிந்தபோதே, அதாவது அதன் பொடி எழுத்து வாக்குறுதிக்கு உள்ளேயே, மின்னழுத்தம் 11.3-க்கு இறங்கியது. சிற்றலையோ 300 மில்லிவோல்ட்டைத் தாண்டிற்று. நான்காம் பல்பை இட்டதும் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். அணையவில்லை. 'டப்' என்ற ஓசை, கருகல் நாற்றம், அவ்வளவுதான்.

அடுத்து எங்கள் கடை முதலாளி நம்பிக் கொடுத்த பெட்டி. இதிலும் 450தான். பொடி எழுத்தில் 36 ஆம்பியர், அதாவது 432 வாட். ஏழு பல்புகளும் எரிந்தன, மின்னழுத்தம் 11.9-இல் நின்றது. பிறகு எல்லாப் பல்புகளையும் ஆறவிட்டு ஒரே நேரத்தில் போட்டோம். குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு. எனவே பாய முயலும் மின்னோட்டம் பன்மடங்கு. பெட்டி சத்தமின்றி அணைந்துகொண்டது. சுவிட்சை நிறுத்திப் போட்டதும் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் எழுந்தது! இதன் விலைக்கு முன்னதில் நான்கு வாங்கலாம். ஆனால் அந்த நான்கும் சேர்ந்தாலும் இந்த ஒரு செயலைச் செய்யா.

நான் கண்ட உண்மை இதுதான். மின்வழங்கியை அது தரும் வாட்டைக்கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது. தன்னால் இயலாதபோது அது என்ன செய்கிறது என்பதைக்கொண்டே மதிப்பிட வேண்டும். நல்லது தான் அணைந்து மற்றவற்றைக் காக்கிறது. கெட்டது உடனிருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

எனவே நண்பர்களே, பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பொடி எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட் வரிசையின் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். விடை மேலே உள்ள எண்ணுக்கு அருகில் இல்லையென்றால் வாங்காதீர்கள். கேபினெட்டைத் தொட்டால் 'சுருக்'கென்று இழுக்கிறதா? பெட்டியைப் பழிக்குமுன் வீட்டில் நில இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாதபோது வடிகட்டி மின்தேக்கிகள் வழியே தகரத்துக்கு அந்த மின்னழுத்தம் வரும். எக்காரணம் கொண்டும் பெட்டியைத் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அந்த 325 வோல்ட் உள்ளே காத்திருக்கக்கூடும்.

பெருக்கத் தெரியாதவர்களுக்கு வழி? அதற்குத்தான் நாம் இருக்கிறோம். பல்புப் பலகை இப்போது நம் இயற்பியல் ஆய்வகத்தில் உள்ளது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அதைப் பயன்படுத்தத் துறைத் தலைவர் இசைவு தந்துள்ளார். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் யாரேனும் மகனுக்கோ மகளுக்கோ கணிப்பொறி வாங்கப் போகிறார் என்றால், பணத்தைக் கட்டுமுன் அந்தப் பெட்டியோடு அவரை அழைத்து வாருங்கள். அரை மணி நேரம் போதும்.