அழைப்பு வீட்டிலிருந்து கிளம்பட்டும்

அலாரம் வேலையில் பாதிக்கு ஸ்குரூடிரைவர் தேவைப்படாது. வேலையைவிட்டுப் போனவரின் கோட் எண்ணை அழிக்க வேண்டும். கதவைத் திறந்ததும் சைரன் அலறுமுன் கிடைக்கும் 30 விநாடியை 45 ஆக்க வேண்டும். பல்லி ஓடினாலும் கத்துகிற சென்சாரைச் சில நாள் ஒதுக்கி வைக்க வேண்டும். நேற்றிரவு எந்த ஸோனில், அதாவது எந்தப் பகுதியில், அலாரம் அடித்தது என்று பதிவைப் படிக்க வேண்டும். எல்லாமே அலாரம் பேனலின் நினைவகத்தில் இருக்கும் எண்களைப் பார்க்கிற, மாற்றுகிற வேலைகள். இதற்காகக் கிள்ளானிலிருந்து காலும்பாங்குக்கோ சுங்கை திங்கிக்கோ வண்டி எடுத்தால் அரை நாள் போய்விடும். டெலிபோன் லைன் வழியாகவே பேனலோடு பேசும் முறை வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களுக்கு அதனால்தான் அவ்வளவு பொருந்தியது. வேகம் விநாடிக்கு 300 பிட், ஏறக்குறைய 30 எழுத்து. ஒரு பேனலின் முழு அமைப்பையும் இறக்கப் பல நிமிடம் பிடிக்கும். அந்த மந்தத்தைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஒன்றுக்கு ஒரு சுருதி, பூஜ்யத்துக்கு இன்னொரு சுருதி, அவ்வளவுதான் அதன் மொழி. செம்பனைக்கு நடுவே நெடுந்தூரம் ஓடி, மழை ஈரம் ஏறிக் கரகரக்கும் காப்பர் கம்பியில் வேகமான மோடம் திணறும். இந்த இரண்டு சுருதி தாக்குப்பிடிக்கும்.

இத்தனை பயனுள்ள வசதியில் எனக்குள்ள கேள்வி ஒன்றே: முதலில் டயல் செய்வது யார்? பழக்கத்தில் அது அலாரம் பொருத்தும் நாங்கள்தான். அலுவலகத்துக் கம்ப்யூட்டர் வீட்டு நம்பரை அழைக்கும், சில முறை மணி அடித்த பிறகு பேனல் தானே எடுக்கும். வீட்டில் ஆன்சரிங் மெஷின் இருந்தால் ஓரிரு மணி அடிக்கவிட்டு வெட்டி, உடனே மறுபடி அழைக்க வேண்டும். இரண்டாவது அழைப்பைப் பேனல் முதல் மணியிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு அடையாள எண்ணும் ரகசிய எண்ணும் சரிபார்க்கப்படும். சங்கடம் அங்கேதான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த எண்கள் ஒரே மாடலுக்கெல்லாம் ஒன்றாகவே இருக்கும், கையேட்டிலும் அச்சாகியிருக்கும். பொருத்தியவர் மாற்றாமல் விட்டுவிட்டால், அதே மென்பொருளும் ஒரு மோடமும் உள்ள எவருக்கும் பேனல் பதில் சொல்லும். நம் பக்கத்தில் தோட்ட ஆபீஸ், தமிழ்ப்பள்ளி, ஆலயம் எல்லாவற்றின் நம்பரும் டெலிபோன் டைரக்டரியிலேயே இருந்தது. பேனலில் உள்ள பதிவோ கிராணி எத்தனை மணிக்கு ஆபீசைப் பூட்டினார், ஐயர் எத்தனை மணிக்கு நடை சாத்தினார் என்பதைத் தேதி வாரியாகச் சொல்லும். சைரனை நிறுத்துவதுகூட இரண்டாம்பட்சம். இடம் எப்போது ஆளில்லாமல் கிடக்கிறது என்று தெரிவதே திருடனுக்குப் போதும்.

இதற்குத் தொழிலில் கண்ட பரிகாரம் திருப்பியழைத்தல். எண் சரியாக இருந்தாலும் பேனல் உடனே திறக்காது. லைனை வெட்டி, தன்னில் பதிந்துள்ள அலுவலக நம்பரைத் தானே அழைக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் முழுமையானதல்ல. பழைய எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றில், அழைத்தவர் ரிசீவரை வைக்காதவரை, எடுத்தவர் வெட்டினாலும் இணைப்பு உடனே அறுந்துவிடாது. அழைத்தவன் லைனைப் பிடித்தபடி டயல் டோனைப் போலி செய்தால், பேனல் புதிதாக டயல் செய்ததாக நினைத்துக்கொண்டு அவனிடமே பேசும். கம்ப்யூட்டர் உலகில் திருப்பியழைக்கும் மோடங்களைப் பற்றி வெகுகாலமாகச் சொல்லப்படும் எச்சரிக்கை இது. அலாரம் பேனலுக்கும் பொருந்தும்.

ஆகவே என் முடிவு, பேனல் வெளி அழைப்பு எதையும் எடுக்கவே கூடாது. வீட்டுக்காரர் கீபேடில் தன் கோட்டோடு இரண்டு மூன்று பொத்தானை அழுத்த, பேனல் எங்களை அழைக்கட்டும். நடைமுறையில் இது எளிது. வீட்டம்மா எங்களோடு போனில் பேசிக்கொண்டே கீபேடை அழுத்துவார். வீட்டுக்குள் வரும் லைன் முதலில் பேனலைத் தொட்டுவிட்டுத்தான் மற்ற போன்களுக்குப் போகும்படி ஒயர் கட்டியிருப்போம்; அதனால் பேனல் லைனைக் கைப்பற்றும்போது ‘டக்’ என்ற ஒலியோடு பேச்சு அறுந்து, சில விநாடியில் எங்கள் மோடத்துக்கு மணி அடிக்கும். வேலை முடிந்ததும் லைன் திரும்ப அவர் கைக்கு வந்துவிடும்.

வயதானவர்களால் இது முடியாது என்பார்கள். தினமும் நான்கு இலக்கக் கோட்டை அழுத்தி அலாரம் போடுபவருக்கு இன்னும் மூன்று பொத்தான் பாரமல்ல; தன் வீட்டுப் பேனலைத் தன் கையால்தான் பிறருக்குத் திறக்கிறோம் என்ற தெளிவு அவருக்குக் கிடைக்கிறது. தைப்பூசத்துக்குக் குடும்பமே பத்துமலை போயிருக்கும்போது கோளாறு வந்தால் என்ன செய்வது என்று கேட்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அதற்கும் வழியுண்டு. குறித்த நாளில் தானே அலுவலகத்தை அழைக்கும்படி பல பேனல்களை அமைக்கலாம்; பதிவு நிரம்பப் போகும்போது அழைப்பவையும் உண்டு. காத்திருக்கும் மாற்றங்களை அந்த அழைப்பிலேயே ஏற்றிவிடலாம். சில மணி நேரமோ ஒரு நாளோ தாமதம் ஆகும், மறுக்கவில்லை. எப்போதும் திறந்தே இருக்கும் கதவுக்கு அந்தத் தாமதம் மேல்.

காப்பர் லைனே போய்க்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு எதற்கு என்ற கேள்வி எழும். யூனிஃபை ஃபைபர் 2010இல் வந்தது, காப்பர் கம்பி திருட்டும் தோட்டப்புற லைன்களைப் பதம் பார்த்தது. ஆனால் ஃபைபர் மோடத்தின் பின்னாலுள்ள போன் துளையில் பேனலைச் சொருகிவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிப்பதில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் கம்பி வழியே வந்ததால் மின்வெட்டிலும் பழைய லைன் உயிரோடு இருந்தது. ஃபைபர் மோடம் கரண்ட் போனதும் அணைந்துவிடும், பேனலுக்குள் 12 வோல்ட் பேட்டரி இருந்தும் பயனில்லை. அடுத்தது இன்னும் நுட்பமானது. லைன் இருக்கிறதா என்பதைப் பேனல் வோல்டேஜை அளந்துதான் அறியும். இன்டர்நெட் இணைப்பு அறுந்த பிறகும் பல மோடங்கள் அந்தத் துளையில் வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். லைன் நன்றாக இருப்பதாகப் பேனல் நம்பும், கீபேடிலும் கோளாறு விளக்கு எரியாது, அபாய அழைப்போ வெளியே போகாது.

டயல் செய்வது யார் என்ற கேள்வி மட்டும் காப்பரோடு போகவில்லை. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகமெங்கும் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது எப்படி? அவை இன்டர்நெட்டிலிருந்து வரும் எவருடைய அழைப்புக்கும் பதில் அளித்தன, தொழிற்சாலைப் பாஸ்வேர்டும் மாறாமல் இருந்தது. கையேட்டு எண்ணோடு மணிக்குக் காத்திருந்த பழைய பேனலின் அதே பலவீனம்தான். இன்று கைப்பேசிச் செயலியோடு வரும் நல்ல பேனல்கள் ரூட்டரில் துளை எதையும் திறக்கச் சொல்வதில்லை. தாங்களே சர்வரை அழைத்து இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்தச் சர்வர் யாருடையது, நிறுவனம் மூடினால் என்ன ஆகும் என்பது மட்டும் புதிய கவலை. பிறர் சேவையை நம்புவதன் விலை முன்பே தெரிந்ததுதான்: மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டபோது, 3ஜியை மட்டும் நம்பிய கருவிகளை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்து ஆலய நிர்வாகத்தினரும் தாமான் வீட்டுக்காரர்களும் அலாரம் பொருத்தியவரை ஒருமுறை கூப்பிட்டு, பேனல் வெளி அழைப்பை எடுக்கிறதா, தொழிற்சாலை எண்கள் மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். பிறகு அவர் எதிரிலேயே ஃபைபர் கேபிளைக் கழற்றிவிட்டு, கீபேடில் கோளாறு காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால், சிம் கார்டு வழியாகவும் அழைக்கும் இன்னொரு பாதையைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.