சாம்பல் குகை வரைக்கும்

லங்காஸ்டர் தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஒஹையோவின் கொலம்பஸிலிருந்து 33ஆம் நம்பர் ரோட்டில் தெற்கே இறங்கினால் இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். பனியாறு ஊர்ந்து வந்து மேடு பள்ளத்தையெல்லாம் மழித்துவிட்டுப் போன தட்டைப் பூமி. லங்காஸ்டர் பக்கம் வந்ததும் அந்தப் பனிக்கு மேற்கொண்டு நகர முடியவில்லை. அதற்கப்புறம்தான் மண் மடிப்பு மடிப்பாக எழும்பத் தொடங்கும். லோகன் வந்து, 664இல் திரும்பியதும் கார் ஜன்னலை இறக்குவோமே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே எத்தனை குளிராக இருந்தாலும் இறக்குவோம். ஊறிய இலை, பாசி, ஈரக்கல், ஹெம்லாக் ஊசியிலைகளின் புளிப்பு நெடி, எங்கோ ஒரு வீட்டில் எரிகிற விறகுப் புகை எல்லாம் சேர்ந்து உள்ளே வரும். பின் சீட்டில் எலுமிச்சஞ்சாத டப்பா இருந்தாலும் அந்த வாசனைதான் ஜெயிக்கும்.

அந்த ரோடு கொண்டுபோய் விடுகிற ஹாக்கிங் ஹில்ஸ் என்றால் இப்போது எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற அந்த ஓல்டு மேன்ஸ் கேவ் பாலத்தைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது படிக்கட்டுகள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத பையன்களை ரூஸ்வெல்ட் அரசாங்கம் முகாம் முகாமாகச் சேர்த்துக் காடுகளுக்கு அனுப்பியது. அவர்கள் கொத்தி வைத்த கல்படிகள் அவை. நான் அங்கே வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கிழவர் இருந்தார். அந்தப் பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அந்தப் பையன்களில் ஒருவராம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கிழவர் குறிப்பிட்ட ஒரு திருப்பத்தில் நின்று, கையுறையைக் கழற்றி, வெறும் கையால் அந்தச் சுவர்க்கல்லைத் தொடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். மறுபடி கையுறையைப் போட்டுக்கொண்டு நடப்பார். நாளடைவில் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கல்லின் சொரசொரப்பு விரலில் வந்து நிற்கிறது.

அந்தப் பாறையே ஒரு விசித்திரம். பிளாக்ஹேண்ட் மணற்பாறை. மேல் அடுக்கு கெட்டி, அடி அடுக்கு கெட்டி, நடுவில் இருப்பது மட்டும் பொலபொலவென்று உதிரும். தண்ணீர் எத்தனையோ ஆயிரம் வருஷமாக அந்த நடு அடுக்கைத்தான் அரித்துத் தின்றிருக்கிறது. குகை என்று பெயரே தவிர, உள்ளே இருட்டுப் பொந்து எதுவும் கிடையாது. மேலே பாறை நீண்டு குடை பிடிக்க, கீழே காய்ந்த மணல் பரந்த புடவு. மழைக்கு ஒதுங்கவும் அடுப்பு மூட்டவும் இதைவிட என்ன வேண்டும்? டென்னஸி மலைப்பக்கத்திலிருந்து இரண்டு நாய்களோடு வந்த ரிச்சர்டு ரோ என்ற ஒண்டிக்கட்டை, இருநூறு சொச்சம் வருஷத்துக்கு முன் இங்கேயே தங்கி, இங்கேயே செத்து, இந்தப் பாறைத் திண்டின் கீழேயே புதைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். ஓல்டு மேன்ஸ் கேவ் என்ற பெயர் வந்தது அவரால்தான். கீழ்த்தளத்துக் கிழவர் அந்தப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். தூங்குகிற ஆளை எழுப்பக் கூடாதாம்.

கோடையில் அங்கே போனவர்கள் பாதிதான் பார்த்தவர்கள். ஜனவரியில் போயிருக்க வேண்டும். 1960களிலிருந்து ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை குளிர்கால நடை என்று வைப்பார்கள். ஓல்டு மேன்ஸ் கேவில் புறப்பட்டு, சீடர் ஃபால்ஸ் வழியாக ஆஷ் கேவ் வரைக்கும், அதாவது சாம்பல் குகை வரைக்கும், ஆறு மைல். விடிகாலை இருட்டிலேயே கம்பளித் தொப்பியும் ஊன்றுகோலுமாகச் சனம் திரண்டுவிடும். மூச்செல்லாம் புகை. பூட்ஸுக்கு அடியில் உறைபனி நறநறக்கும். முன்னால் போகிறவர் வழுக்கினால் பின்னால் வருகிறவர் முதுகைத் தாங்குவார். பெயர் தெரியாத ஆளின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மைல் நடந்திருக்கிறேன்.

இந்த நடையின் முன்னால் ஒரு காலத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பாட்டி போவார் என்று கிழவர் சொல்வார். எம்மா கேட்வுட்; ஊருக்கெல்லாம் கிராண்ட்மா கேட்வுட். ஒஹையோவின் காலியா கவுன்ட்டிப் பெண். பதினோரு பிள்ளைகளை வளர்த்தவர். புருஷனிடம் பட்ட அடி உதைக்குக் கணக்கில்லை. பிள்ளைகள் எல்லாம் ஆளான பிறகு, 1955இல், 67 வயதில், தானே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டி, கேன்வாஸ் ஷூவும், மழைக்குக் குளியலறைத் திரைச்சீலையுமாகப் புறப்பட்டு, இரண்டாயிரம் மைலுக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் டிரெயிலை ஒற்றையாளாக ஒரே மூச்சில் நடந்து முடித்தார். அப்படி நடந்த முதல் பெண். அதற்குப் பிறகும் இரண்டு முறை அதே வழியை நடந்தார். அத்தனை மலையைப் பார்த்த பெண், தன் மனசுக்கு உகந்தது என்று வைத்துக்கொண்டது இந்த ஆறு மைலைத்தான். 1973இல் அவர் போய்விட்டார். பாதைக்கு அவர் பெயரை வைத்தார்கள். “தம்பி, அந்த அம்மா பின்னால் நடக்கிறது ரொம்பக் கஷ்டம். நாங்கள் வாலிபர்கள், ஓட வேண்டியிருக்கும்” என்பார் கிழவர். சொல்லும்போது அவர் நடையே கொஞ்சம் வேகமெடுக்கும்.

பாதி வழியில் சீடர் ஃபால்ஸ். அங்கே பெரிய பெரிய கொப்பரைகளில் பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருக்கும், கூடவே மக்காச்சோள ரொட்டி. சூப்பில் பெரிய காரசாரம் எதுவும் இருக்காது. நம் நாக்குக்குச் சப்பென்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விரல் மரத்துப்போய், மூக்கு நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியாத நேரத்தில், அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அது எந்த விருந்துக்குக் குறைச்சல்? ஊற்றிக் கொடுக்கிறவர்களில் கனத்த கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மாள் இருப்பார். மாணவப் பையன்கள் என்று தெரிந்தால் கரண்டியை அடிவரைக்கும் விட்டு, அவரைப்பயறு நிறைய வரும்படி அள்ளுவார். அருவிக்கு அந்தப் பெயர் வந்தது முதலில் குடியேறியவர்களின் கண் தவறால்தான். சுற்றி நின்ற ஹெம்லாக் மரங்களை சீடர் என்று நினைத்துவிட்டார்கள். ஹெம்லாக்கோ பேர் மாறியது தெரியாமலே நின்று, அத்தனை பேருக்கும் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து சாம்பல் குகைக்குப் போகிற மூன்று மைல்தான் என் மனசில் ஊறிக் கிடப்பது. ஹெம்லாக் நிழல் மற்ற மரநிழல் போல இல்லை. நடுப்பகலிலும் அந்தி. ஓடையின் ஓரமாகப் போகையில், ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்திலும் திடீரென்று ஒரு குளிர் காலைச் சுற்றும். பனியாறு பின்வாங்கியபோது வடக்கே கனடாப் பக்கம் போயிருக்க வேண்டிய மரங்கள் சில, இந்தப் பள்ளங்களின் குளிர்ச்சியை நம்பி இங்கேயே தங்கிவிட்டன. ஏப்ரலில் ட்ரில்லியம் பூ வெள்ளை வெள்ளையாக விரிந்திருக்கும். மே மாதச் சாயங்காலத்தில் வுட் த்ரஷ் பறவை எங்கிருந்தோ பாடும். பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கடைசிவரை பிடிபடாது. செப்டம்பரில் தாழ்வான இடங்களில் பாபா என்கிற பழம் பழுத்து விழும். அதுவும் நம் சீத்தாப்பழத்தின் குடும்பந்தான். அதைக் கையில் வைத்து முகர்ந்த முதல் நாள் எனக்கு ஊர் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. நவம்பரில் எல்லா மரமும் மொட்டையாகிவிட்ட பிறகு விட்ச் ஹேசல் மட்டும் அசட்டுத் தைரியத்தோடு மஞ்சளாய்ப் பூத்து நிற்கும்.

அப்புறம் சாம்பல் குகை. பள்ளத்தாக்கு குறுகிக் குறுகி வந்து, சட்டென்று எழுநூறு அடிக்கு வளைந்து விரிகிற அந்தப் பாறை விளிம்பு தலைக்கு மேலே வந்துவிடும். தொண்ணூறு அடி உயரம், நூறு அடி ஆழம். ஊருக்கே பொதுவாகப் போட்டுவைத்த தாழ்வாரம் போல இருக்கும். முதலில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் வந்தபோது உள்ளே மணலுக்கு மேல் சாம்பல் மேடாகக் குவிந்து கிடந்ததாம். எத்தனை தலைமுறை பூர்வகுடிகள் அங்கே அடுப்பெரித்திருந்தால் அவ்வளவு சாம்பல் சேர்ந்திருக்கும்! 1870களில் அதைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு எலும்பும் பானை ஓடும் மக்காச்சோளக் கதிர்த் தண்டும் கிடைத்தன. ஒரு விதைக் குவியலும் கிடைத்தது. நாம் சக்கரவர்த்திக் கீரை என்கிறோமே, அதன் இனத்துச் செடியின் விதை. அது காட்டு விதை அல்ல, மனுஷர்கள் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்து வைத்த விதை என்று புரூஸ் ஸ்மித் என்கிற ஆய்வாளர் 1985இல் நிறுவினார். யாரோ ஒரு வீட்டுப் பெண் அடுத்த பருவத்துக்கென்று ஒதுக்கிவைத்தது என்றுதான் எனக்கு அதை நினைக்கத் தோன்றும். அந்தச் சாம்பல் மேடு எப்போதோ கரைந்துபோயிற்று. பார்க்கிறவர் காலுக்குக் கீழே மணல் மட்டும்தான்.

புடவின் ஒரு மூலையில் நின்று கிசுகிசுத்தால் இன்னொரு மூலையில் கேட்கும் இடங்கள் இரண்டு உண்டு. கிழவர் என்னை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, நொண்டி நொண்டி மறுபக்கம் போய், செத்துப்போன தன் மனைவியின் பெயரைச் சொன்னார். எனக்குச் சொன்னாரா, பாறைக்குச் சொன்னாரா தெரியாது. பக்கத்தில் இருக்கிற பிரசங்கப் பாறையில் ஏறி நின்று அந்தக் காலத்துப் போதகர்கள் பிரசங்கம் செய்ததையும் அவர்தான் சொன்னார். கடுங்குளிர் வருஷங்களில் மேலிருந்து விழுகிற தண்ணீர் கீழே கூம்பாக உறைந்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். அதன் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் அவருடைய முகத்தைவிட அவருடைய கைதான் தெளிவாக விழுந்திருக்கிறது. ஊன்றுகோலைப் பிடித்திருக்கும் கை. அவரும் இப்போது இல்லை. சூப் ஊற்றிய அம்மாள் எங்கே இருக்கிறாரோ.

ஹெம்லாக் மரங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. ஜப்பானிலிருந்து வந்த ஒரு பூச்சி, கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத பொடிசு, ஊசியிலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு வைத்துக்கொண்டு மரத்தின் உயிரை உறிஞ்சுகிறது. பத்து வருஷத்துக்கு மேலாகவே ஹாக்கிங்கில் இருக்கிறது. மரம் மரமாக மருந்து வைக்கிறார்கள், அதைத் தின்கிற வண்டுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த வேலையைச் செய்கிறவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. ஆனாலும் எல்லா மரத்தையும் எட்ட முடியுமா? ஒரு ஹெம்லாக் விழுந்த இடத்தில் வெயில் நேராக ஓடையில் இறங்கும். ஓடை சூடேறினால் கல்லிடுக்கில் வாழ்கிற சாலமண்டருக்கு வழியில்லை. நாம் நடந்த அந்த அந்தி வெளிச்சம் இனி எத்தனை காலமோ. காப்பி குடித்துக் கைகாய்ந்த பழைய லாட்ஜும் 2016 டிசம்பரில் எரிந்துபோனது. அதே இடத்தில் பளபளவென்று புதிது கட்டியிருக்கிறார்கள். நான் இன்னும் அதற்குள் போகவில்லை.

கூட்டம் தாங்காமல் பாதைகளை ஒருவழியாக்கிவிட்டார்கள். பாறைக்கும் நல்லது, வழுக்கி விழுகிறவர்களுக்கும் நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நமக்கு எதிரே மனுஷர்கள் வருவார்கள். சாம்பல் குகையைப் பார்த்துவிட்டு, மூக்கு சிவந்து, முகம் பூரித்துத் திரும்பி வருவார்கள். ஒடுக்கமான இடத்தில் ஒருவர் பாறையோடு ஒட்டி நின்று மற்றவருக்கு வழிவிடுவார். வயசான ஆள் என்றால் கையைக் கொடுத்து ஏற்றிவிடுவார். அப்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்போம்: “தண்ணீர் விழுதா?” கோடையில் சாம்பல் குகை அருவி நூலாக இளைத்துப்போகும், அதனால் கேட்க வேண்டியதுதான். வருகிறவர் தயங்குவார், “கொஞ்சம் விழுது, போய்ப் பாருங்க” என்பார். விழாவிட்டாலும் அப்படித்தான் சொல்வார். இப்போது எல்லோரும் ஒரே பக்கம் போகிறார்கள். தண்ணீர் விழுகிறதா என்று செல்போனில் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.