மணல் வீட்டு வாசலுக்கு எந்தப் புல்?

காரைக்காலிலிருந்து நாகூர் செல்லும் சாலையில் இருக்கிறது திருமலைராயன்பட்டினம். அங்கிருந்து கிழக்கே போனால் பட்டினச்சேரிக் கடற்கரை. மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது இங்கேதான். இந்தக் கடலோர மணலில் காற்று வீசும் நாட்களில் முள் பந்துகள் உருண்டோடும். இராவணன் மீசை என்ற புல்லின் பெண் கதிர்கள் அவை. முற்றியதும் ஒடிந்து, போகிற வழியெல்லாம் விதை போடும்.

பார்க்க அழகுதான். அதற்காகத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் புல். 2004 சுனாமியைக் கண்ட கரை இது. இருக்கிற மேட்டையும் நாமே கரைக்கக் கூடாது. இலை நுனியும் ஊசியாகக் குத்தும், குழந்தைகள் ஓடும் வாசலுக்கு ஆகாது.

வீட்டுக்கு ஏற்றது வெட்டிவேர். நர்சரியில் வாங்கிப் பதிக்கும் புல்தரைக்கு ஓயாமல் நல்ல தண்ணீர் வேண்டும். கிணற்று நீர் உப்பானால் பெரும்பாலும் கருகிப்போகும். வெட்டிவேரோ ஓரளவு உப்பையும், அடைமழையில் தேங்கும் நீரையும் தாங்கும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்குவதால் பக்கத்துக் காய்கறிப் பாத்திக்குத் தொல்லை இல்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேலியோரம் 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். தென்னை நிழலில் நட்டால் மெலிந்துவிடும். வளர்ந்தபின் அவ்வப்போது முழங்கால் உயரத்துக்கு அறுத்து, அந்த இலையைத் தென்னம்பாத்திக்கு மூடாக்காகப் போடலாம். வேருக்கு விலை கிடைக்கிறதே என்று வேலியைத் தோண்டினால் மண்பிடிப்பு போய்விடும். வேருக்கென்று தனியாக, மணல் கலந்து நிரப்பிய சாக்குகளில் நடுங்கள். 12 முதல் 18 மாதங்களில் சாக்கைக் கிழித்தால் வேர் அறுபடாமல் வரும்.

ஆற்றங்கரையில் வெள்ளைப் பூவோடு ஆடும் நாணலையும் சிலர் விரும்புவார்கள். சாதாரணப் புல் அல்ல அது. கோயம்புத்தூரில் கரும்போடு நாணலை இணைத்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918-இல் வெளிவந்தது. இன்றைய கரும்பின் தாங்குதிறனில் நாணலுக்கும் பங்குண்டு. ஆனால் அதே முரட்டுக் குணம் தோட்டத்தில் தலைவலி. நிலத்தடித் தண்டு விட்டுப் பரவும், தர்ப்பையும் அப்படித்தான். ஆசை விடாவிட்டால் பழைய கிணற்று உறை ஒன்றை மண்ணில் இறக்கி, அதற்குள் வையுங்கள். பஞ்சு பறக்குமுன் கதிரை அறுத்துவிட வேண்டும்.